சாச்சாவின் 214 பிளேட்டுகள்

மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வள்ளம் கரை ஏறியதும் கூறு போட்டு வைப்பார்கள். ஏலம் கூறுகிறவர் வாய் ஓயாமல் தொகையைச் சொல்லிக்கொண்டே போவார். எடுக்கிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் அமுக்கிப் பார்த்துக் கேட்பார். இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும்.

இப்போது நான் எடுக்கும் ஏலத்தில் இதெல்லாம் கிடையாது. பொருளைத் தொட முடியாது. இரண்டு மூன்று போட்டோதான். ஏழு நாள் ஏலம் ஓடும். ஆறே முக்கால் நாள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசி பத்து விநாடியில் எங்கிருந்தோ வந்து கொத்திக்கொண்டு போவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் மனைவி சொல்வாள்: "இந்தக் கண் முழிப்புக்குக் கடற்கரைக்குப் போயிருந்தா நாலு கிலோ நண்டாவது வந்திருக்கும்."

நான் எடுப்பது பழைய கிராமபோன் பிளேட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் கறுப்புப் பிளேட்டு. பத்து அங்குலம் அகலம், ஒரு பக்கத்துக்கு மூன்றிலிருந்து மூன்றரை நிமிடப் பாட்டு. நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: அது பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. மரக்கிளையில் பூச்சி வைக்கும் அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்தது. கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி நொறுங்கும். எல்.பி. ரெக்கார்டு போல வளையாது.

இந்த வயதில் இந்தப் பைத்தியம் ஏன் பிடித்தது என்று பலரும் கேட்டுவிட்டார்கள். காரணத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

என் வாப்பாவின் தம்பி மைக்செட் வைத்திருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி எழுபதுகள் முடிய நம் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் கல்யாணம், கத்னா, சந்தனக்கூடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சாச்சாவின் குழாய் கட்டியிருக்கும். ரெகுநாதபுரம், முத்துப்பேட்டை, திருப்புல்லாணி வரை மாட்டுவண்டியில் போவார். கரண்ட் வராத ஊர்களில் லாரி பேட்டரி வைத்துத்தான் ஆம்ப்ளிஃபயர் ஓடும். பிளேட்டு சுற்றுவதற்குச் சாவி கொடுக்க வேண்டும். அந்தச் சாவி கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. சம்பளம் ஒரு கலரு சோடா.

சாச்சா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் கணக்கு சுத்தமாக வைத்திருப்பார். ஒவ்வொரு பிளேட்டின் லேபிளிலும் சிவப்பு எனாமல் பெயின்டால் ஓர் எண், அதற்குக் கீழே 'பெ.ப.' என்று ஊர் எழுத்து. கல்யாண வீட்டில் இரண்டு மைக்செட் வந்தால் பிளேட்டு மாறிப் போகும், அதற்காக. ஒரு நாற்பது பக்க நோட்டில் அத்தனை எண்ணுக்கும் விவரம் இருக்கும். யார் பாட்டு, என்ன விலை, எங்கே வாங்கியது, எந்த இடத்தில் கீறல். கடைசி எண் 214.

எந்தப் பிளேட்டை எப்போது போடுவது என்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. நம் ஆட்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் பிளேட்டு நாகூர் ஹனிபா. 1925இல் அவர் பிறந்தது நம் இராமநாதபுரத்தில்தான் என்பதைச் சாச்சா சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். முருகன் கோயில் என்றால் கே.பி. சுந்தராம்பாள். கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் கூட்டம் சேர்வதற்கு மறுபடியும் ஹனிபா, இந்தத் தடவை வேறு பாட்டு. சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் பராசக்தி கதை வசனம். வசனப் பிளேட்டைப் போட்டால் எழுந்தவனும் உட்கார்ந்துவிடுவான். பக்கத்துக் கரையிலிருந்து இலங்கை வானொலி நம் ஊரில் உள்ளூர் போலக் கேட்ட காலம் அது. அதில் ஒரு புதுப் பாட்டு வந்தால் சாச்சா காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அடுத்த மாதம் மதுரைக்குப் போய் அந்தப் பிளேட்டோடு வருவார்.

88ஆம் எண் பிளேட்டு பராசக்தி வசனம். ஒன்பது வயதில் நான் ஊசிக் கையைத் தவற விட்டு அதில் ஒரு கீறல் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் சிவாஜி அதே சொல்லைச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார். பந்தல் முழுக்கச் சிரிக்கும். நான் விரலால் ஊசிக் கையை லேசாகத் தட்டிவிட வேண்டும். சாச்சா அடிக்கவில்லை. நோட்டில் மட்டும் எழுதினார்: "88 - கீறல். சின்னவன் வேலை."

எழுபதுகளின் கடைசியில் கேசட் வந்தது. சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் இரண்டு கேசட் போடும் டேப்ரிக்கார்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாச்சாவின் பெட்டி பரணுக்குப் போனது. சாச்சாவும் மவுத்தாகிவிட்டார். 1986இல் நான் லீவில் வந்திருந்தேன். சாச்சி வீட்டுப் பரணில் கரையான். பெட்டியை இறக்கினோம். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான்காரர் சத்தம் கொடுத்துக்கொண்டு போனார்.

"வெச்சிரலாம் வாப்பா, அவுக கையால எழுதுனது" என்றார் சாச்சி.

"இதை இனி யாரு கேக்கப் போறா சாச்சி? போடுற மெசினே இல்லை" என்றேன்.

எடை போட்டு எடுத்துக்கொண்டார். 65 ரூபாய். பணத்தைச் சாச்சியின் கையில் கொடுத்தேன். பெரிய காரியம் செய்து முடித்துவிட்டதாக எனக்குத் திருப்தி. சாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வருடம் 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நம் ஊருக்கு வந்து குழி தோண்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் நாம் சில்லு விளையாட எடுத்த பச்சை, நீல ஓடெல்லாம் சீனப் பீங்கான் என்றார்கள். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. உள்ளங்கை அளவு உடைந்த ஓட்டையும் கழுவி, எண் எழுதி, பையில் போட்டு வைத்தார்கள். நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். முந்தின வருடம் எண் எழுதி வைத்திருந்த 214 பிளேட்டை எடைக்குப் போட்டவன் நான் என்பது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

உறைத்தது 2013இல், சாச்சி மவுத்தானபோது. அவர் அலமாரியில் அந்த நோட்டு இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, பூச்சி வராமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்கும்வரை அவர் மனதில் அது இவ்வளவு காலம் கிடந்ததை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து ஒன்றிலிருந்து 214 வரை படித்தேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

பேரன்தான் போனில் ஏலக் கடையைத் திறந்து காட்டினான். அந்த உலகம் எனக்குப் புதிது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதிலிருந்து நம் நாட்டில் பிளேட்டு உண்டு. தமிழில் கிட்டப்பா, சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர் என்று வந்த பிளேட்டுகளைத் தேடி உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் வீடு நிறையச் சேர்த்தவர்கள். மும்பையில் 1990இல் ரெக்கார்டு சேகரிப்பவர்கள் சங்கமே தொடங்கிப் பத்திரிகை நடத்தினார்கள். நான் அந்த வரிசையில் வருகிறவன் இல்லை. எனக்கு வேண்டியது சாச்சாவின் பட்டியல் மட்டும்.

தொடக்கத்தில் பட்ட அடிகளைச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும். முதல் பார்சலில் நான்கு பிளேட்டு வந்தது. திறந்தால் பதினோரு துண்டு. விற்றவர் வெறும் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருந்தார். அதிலிருந்து பணம் கட்டும் முன்பே எழுதிவிடுவேன்: பிளேட்டைவிட இரண்டு அங்குலம் பெரிய கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவில் வையுங்கள், பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையில் அட்டை வேண்டும், பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வேண்டும். அதற்கான செலவை நானே தருகிறேன்.

இரண்டாவது அடி நானே வாங்கிக்கொண்டது. பூஞ்சை பிடித்த ஒரு பிளேட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது தச்சாசாரி வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. மினுமினுப்பு போய்ப் பாட்டும் போனது. இப்போது ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர், மெல்லிய துணி, உடனே ஈரம் ஒற்றி எடுப்பது. லேபிளில் தண்ணீர் படக் கூடாது. உப்புக் காற்று உள்ள ஊர் என்பதால் நிறுத்தித்தான் வைக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது விரிசல் விடும்.

மூன்றாவது ஊசி. எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் காற்றடிக்கிற சத்தம்தான் அதிகம் வரும். 78இன் பள்ளம் அகலம். அதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு தடித்த ஊசி வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய எச்.எம்.வி. பெட்டி மெசின் ஒன்று கிடைத்தது. அதில் இரும்பு ஊசி, ஒரு பக்கத்துக்கு ஒன்று. மெசின் கனம் அதிகம், பிளேட்டைத் தேய்த்துவிடும். அதனால் விருந்தாளி வந்தால் மட்டும் அது. மற்றபடி கரண்ட் மெசின்தான்.

ஏலத்தில் பிளேட்டின் தரத்தை ஆங்கில எழுத்தில் போடுவார்கள். கீறல் இருந்தால் மதிப்புக் குறையும். லேபிளில் பேனாவாலோ பெயின்டாலோ எழுத்து இருந்தால் இன்னும் குறையும். சேகரிப்பவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள். நான் தேடுவதே அதைத்தான். "லேபிளில் எழுத்து உள்ளது" என்று குறை சொல்லியிருக்கும் பிளேட்டாகப் பார்த்து, எழுத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். விற்பவர்களுக்கு ஒரே ஆச்சரியம். சிவப்பு எனாமல் இருக்காதா, கீழே 'பெ.ப.' இருக்காதா என்று பார்க்கத்தான். இன்றுவரை பட்டியலில் உள்ள 47 பாட்டுகளுக்கு வேறு பிரதி கிடைத்துவிட்டது. சாச்சாவின் எழுத்தோடு ஒன்றுகூட இல்லை.

போன வருடம் நடந்ததை இனிச் சொல்கிறேன். பத்துப் பிளேட்டு கொண்ட ஒரு கட்டு ஏலத்துக்கு வந்தது. ஒன்பது தமிழ். அதில் ஹனிபா பிளேட்டு ஒன்று, பட்டியலில் உள்ளது. லேபிளில் ஏதோ முத்திரை மங்கலாகத் தெரிந்தது. தொடக்க விலை 500. அதிகபட்சம் 3,000 என்று போட்டு வைத்தேன். அதற்குமேல் போனால் பென்ஷன் தாங்காது. கடைசி அரை நிமிடத்தில் விலை 4,000, 7,000 என்று ஏறி 14,500இல் நின்றது. ஹனிபா பிளேட்டுக்கு இவ்வளவு போட்டியா என்று திகைத்துப் போனேன்.

பேரன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னான்: "நன்னா, போட்டி இந்தப் பத்தாவதுக்கு." அது கொலம்பியா லேபிளில் ஒரு ஜாஸ் பிளேட்டு. பியானோக்காரர் பெயர் டெடி வெதர்ஃபோர்டு. தேடிப் படித்தோம். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். சீனா, ஜப்பான், இலங்கை என்று சுற்றி, போர்க் காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் வாத்தியக் குழு நடத்தி, அங்கேயே பிளேட்டும் கொடுத்தவர். 1945இல் காலரா கண்டு கல்கத்தாவிலேயே இறந்துவிட்டார். இந்தியாவுக்கு வெளியே அதிகம் போகாத பிளேட்டுகள் என்பதால் வெளிநாட்டு ஜாஸ் பிரியர்கள் அவற்றுக்கு உயிரை விடுகிறார்கள். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பிளேட்டாக வந்த அதே டம்டம் தொழிற்சாலையில் அழுத்திய பிளேட்டு. அது எப்படி நம் பக்கத்துக் கட்டில் வந்து சேர்ந்தது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏலம் எடுத்தவருக்குப் பேரனைவிட்டு எழுதச் சொன்னேன். உங்களுக்கு ஜாஸ் பிளேட்டு ஒன்றுதானே வேண்டும், மற்ற ஒன்பதை எனக்குத் தர முடியுமா, என்ன விலை என்று. இரண்டாம் நாளே பதில் வந்தது. தமிழ் தனக்குத் தெரியாது என்றும், தூக்கிப் போட மனமில்லாமல் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். பார்சல் செலவை மட்டும் கொடுங்கள் என்றார். ஒன்பதும் உடையாமல் வந்தன.

ஹனிபா பிளேட்டைத்தான் முதலில் எடுத்தேன். சிவப்பு எனாமல் இல்லை. வெள்ளைப் பெயின்டில் 37 என்ற எண், பக்கத்தில் சின்னதாக ஒரு வேல். அதற்கு மேல் ரப்பர் ஸ்டாம்பு: ஒரு மைக்செட்காரரின் பெயர், பரமக்குடி. அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம். அப்புறம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவரும் ஒரு நோட்டு வைத்திருப்பார். இவர் வீட்டிலும் ஒரு நாள் யாரோ பரணைச் சுத்தம் செய்திருப்பார்கள்.

பரமக்குடியில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். விவரம் சொன்னேன். பழைய சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் விசாரித்து ஒரு மாதத்தில் ஆளைப் பிடித்துவிட்டார். மைக்செட்காரர் காலமாகிப் பல வருடம். மகன் இருக்கிறார், அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார்.

காபி குடிக்கும்வரை ஊர்க்கதை பேசினோம். பிளேட்டைக் கையில் கொடுத்தேன். வேலின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"கோயில் திருவிழாவுக்கும் எங்கப்பா இதைப் போடுவாரு பாய். யாரும் ஒண்ணும் சொன்னதில்லை" என்றார்.

மெசினில் வைத்தேன். ஊசி இறங்கியது. இரைச்சலுக்கு நடுவில் அந்தக் கணீர்க் குரல் எழுந்தது. இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். அவர் சட்டென்று எழுந்து மெசின் அருகில் வந்து, விரலை ஊசிக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த விநாடி பாட்டு கீறலில் மாட்டியது. அதே சொல் மறுபடி, மறுபடி. அவர் விரலால் லேசாகத் தட்டினார். பாட்டு மேலே போனது.

"ஏழு வயசுல எனக்கு இதுதான் வேலை" என்று சொல்லி உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நானும் கொஞ்ச நேரம் வெளியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளேட்டைக் கட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். "எங்க வீட்டுல போடுறதுக்கு மெசின் இல்லை பாய். பேரப்பய எங்கயாவது போட்டு ஒடைச்சிருவான். உங்ககிட்டயே இருக்கட்டும். வருசத்துக்கு ஒருதரம் நான் வந்து கேட்டுக்கிறேன்." இந்த வருடச் சந்தனக்கூட்டுக்கு வந்திருந்தார். வந்ததும் கேட்டார், கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

88ஆம் எண் பிளேட்டுக்கு ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. 2,200 ரூபாய் கொடுத்து எடுத்தது. கீறலே இல்லாத நல்ல பிளேட்டு. அதைப் போடும்போதெல்லாம் அந்த இடம் வந்தால் என் விரல் தானாக எழுந்து போகிறது. சிவாஜி நிற்காமல் பேசிக்கொண்டு போய்விடுகிறார். விரலை மடக்கிக்கொள்கிறேன். சாச்சி அன்றைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது எதை என்பது எனக்கு அப்போதுதான் விளங்குகிறது. பாட்டையும் வசனத்தையும் யாரிடமும் வாங்கிக்கொள்ளலாம். போனிலேயே கேட்கலாம். சாச்சா பெயின்டால் எழுதிய எண்ணும், நான் போட்ட கீறலும் அந்த 214இல் மட்டும்தான் இருந்தன.

1986இல் நம் தெருவில் எடைக்குப் போன பிளேட்டுகள் இராமநாதபுரம் பக்கமோ மதுரைப் பக்கமோ ஏதாவது ஒரு பரணில் கிடக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ பழைய பிளேட்டு இருந்தால் லேபிளைக் கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் வேண்டாம், வெறும் துணி போதும். சிவப்பு எனாமலில் ஓர் எண்ணும், கீழே 'பெ.ப.' என்றும் இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பாடாவிட்டாலும் பரவாயில்லை. உடைந்திருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன்.